விழாத வண்டி

என் கரிஸ்மா பைக்கின் இடதுபக்கப் பிளாஸ்டிக் உறையான ஃபேரிங்குக்கு ஸ்ப்ரே டப்பா வாங்கி வீட்டிலேயே நானே பெயின்ட் அடித்தேன். எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்களிடம், "ஒரு கைவேலை கற்றுக்கொண்ட மாதிரி இருக்கட்டுமே" என்று சொல்லிவைத்தேன். அது பொய். வண்டியை விற்பதென்று முடிவு செய்திருந்தேன். விழுந்த வண்டி என்று தெரிந்தால் விலை இறங்கும். விழாத வண்டியாகக் காட்ட வேண்டும். காரணம் அவ்வளவுதான்.

விழுந்தது கோயம்புத்தூர் சிறுவாணி ரோட்டில் ஒரு வளைவில். மழை அடித்துக்கொண்டு வந்த மணல் தார்மேல் பரவிக் கிடந்தது. முன்சக்கரம் அதில் ஏறியதும் வண்டி இடதுபக்கமாகப் படுத்துவிட்டது. எனக்கு முழங்கையில் தோல் போனது. வண்டிக்கு ஃபேரிங்கில் ஒரு சாணுக்கும் மேலே வழித்தெடுத்த காயம். கூடவே, அதைச் சட்டத்தோடு திருகி மாட்டும் காதுகளில் ஒன்று முறிந்துபோயிற்று.

ஹீரோவும் ஹோண்டாவும் ஒன்றாக இருந்த காலத்துக் கரிஸ்மா ஜெட்.எம்.ஆர். அது. 2009-ல் வந்த மாடல், 223 சிசி. புது ஃபேரிங் உண்டா என்று கேட்டால், கவுன்டரில் இருப்பவர் கம்ப்யூட்டரைப் பார்க்காமலேயே உதட்டைப் பிதுக்கினார். உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் அலைந்ததில் ஒரு சிவப்பு ஃபேரிங் கிடைத்தது. எனக்கு முறிந்த அதே காது அதிலும் முறிந்திருந்தது. எல்லோரும் இடதுபக்கம்தான் விழுகிறார்கள் போலிருக்கிறது.

பட்டறையிலும் விசாரித்தேன். "கழட்டிக் கொண்டாந்து குடுத்துட்டுப் போங்க, நான் பாத்துக்கறேனுங்க" என்றார் பெயின்டர். சொன்ன கூலியும் நியாயமானதுதான். ஆனால் பட்டறைக்காரர்களுக்கும் பழைய வண்டி வியாபாரிகளுக்கும் எங்கள் ஊரில் ஒட்டுறவு அதிகம். என் வண்டி அங்கே நின்றது வெளியே தெரிந்துவிட்டால்? அந்தப் பயத்தில்தான் வீட்டு வேலையாக்கினேன். பணம் மிச்சம் என்பதெல்லாம் கதை. பிரைமர் டப்பா, கலர் டப்பா, லேக்கர் டப்பா, தாள், டேப், காம்பவுண்ட் என்று கூட்டிப் பார்த்தால் பட்டறைக் கூலிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. வீட்டில் அடித்தால் பாதிக் காசு என்று யாராவது சொன்னால், அவர் இன்னும் அடித்துப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

"அடிக்கறதுதான் அடிக்கறே, வண்டி பூராவும் மேட் கிரே அடிச்சிரு" என்றான் நண்பன். வண்டியின் நிறம் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கும் விவரம். பதிவில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதைப் பற்றி 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு பேசுகிறது. நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஏறி ஆர்.சி.யிலும் மாற்றியாக வேண்டும். அதே நிறத்தை அடித்தால் எந்தச் சிக்கலும் இல்லை. என் வண்டி கருப்பு. கருப்பில் போய் என்ன கஷ்டம் வந்துவிடும் என்றும் நினைத்தேன்.

கழற்றிய ஃபேரிங்கைத் திருப்பிப் பார்த்தால் முதுகில் 'ஏபிஎஸ்' என்று அச்சாகியிருந்தது. இதைப் பார்க்காமல் யாரும் வேலையைத் தொடங்கக் கூடாது. ஏபிஎஸ் பெயின்ட்டைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக். 'பிபி' என்றிருந்தால் அது பாலிப்ரொப்பிலீன்; ஒட்டவைப்பதற்கென்றே தனி பிரைமர் போடாவிட்டால் பெயின்ட் தோல் தோலாக உரிந்து வரும். ஏபிஎஸ்ஸுக்கும் ஒரு பலவீனம் உண்டு: அசிட்டோன் பட்டால் கரைந்துவிடும், கடுமையான தின்னரில் துடைத்தால் இளகிவிடும். அதனால் துடைப்பதற்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத்தான் வைத்துக்கொண்டேன்.

அந்தப் பலவீனமே காதை ஒட்டவைக்க உதவியது. ஏபிஎஸ் துண்டுகளை அசிட்டோனில் ஊறப்போட்டால் குழம்பு மாதிரி ஆகிவிடும். அதை முறிந்த இடத்தில் பூசினால் அசிட்டோன் ஆவியாகிப் போக, பழைய பிளாஸ்டிக்கும் புதியதும் ஒன்றாகக் கலந்து இறுகிவிடும். பசை போட்டு ஒட்டுவதைவிட இது உறுதி. துண்டுகளுக்கு எங்கே போவது? லெகோ கட்டைகளை 1963-லிருந்து ஏபிஎஸ்ஸில்தான் செய்கிறார்கள். என் மகனின் பெட்டியிலிருந்து இரண்டு கருப்புக் கட்டைகள் காணாமல் போனது இந்த வகையில்தான். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

கழுவும் வேலை தேய்க்கும் வேலையைவிட அதிக நேரம் பிடித்தது. அதற்கு நான்தான் காரணம். வண்டி பளபளவென்று இருக்க வேண்டும் என்று டேஷ்போர்டு பாலிஷைப் பல வருடமாகத் தடவிக்கொண்டிருந்தேன். அதில் இருப்பது சிலிக்கோன் எண்ணெய். கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் மிச்சமிருந்தாலும் புது பெயின்ட் அந்த இடத்தை விட்டு விலகி ஓடி, குட்டிக் குட்டிக் குழிகளாக நின்றுவிடும். தாள் போட்டுத் தேய்த்துவிட்டுக் கழுவலாம் என்றால் தேய்க்கும்போதே சிலிக்கோன் கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் சோப்பு, பிறகு ஆல்கஹால், பிறகுதான் தாள்.

320-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரை ரப்பர் கட்டையில் சுற்றிக்கொண்டு, சோப்புத் தண்ணீர் தொட்டுக் காயத்தின் விளிம்பைத் தேய்க்க ஆரம்பித்தேன். பெயின்ட்டின் விளிம்பு செங்குத்தாக நிற்கக் கூடாது. எத்தனை கோட் மேலே போட்டாலும் அந்தப் படி தெரியும். சரிவாகும் வரை தேய்க்க வேண்டும். அப்படித் தேய்க்கும்போது ஒவ்வொரு அடுக்கும் ஒரு வளையமாக வெளியே வரும். முதலில் லேக்கர், தண்ணீர் பால் மாதிரி வந்தது. பிறகு கருப்பு. அடுத்து சாம்பல் நிற பிரைமர். அதற்கும் கீழே பிளாஸ்டிக் வந்திருக்க வேண்டும். வந்தது வெளிர்மஞ்சளில் ஒரு திட்டு. தேய்க்கத் தேய்க்க அகலமாகிக்கொண்டே போனது. பட்டி. அதற்குக் கீழே மறுபடியும் ஒரு கருப்பு.

கொஞ்ச நேரம் தாளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நான் இந்த வண்டியை வாங்கியது செகண்ட் ஹேண்டில். "ஒரு கீறல் விழாம வெச்சிருந்தேனுங்க" என்று சொல்லித்தான் முதல் ஓனர் சாவியைக் கையில் கொடுத்தார். என் கண்ணெதிரே இருந்த பட்டித்திட்டு என் காயத்தைவிடப் பெரிதாக இருந்தது. திருகு பக்கத்தில் மயிரிழையாக ஒரு விரிசல் ரொம்ப நாளாக இருந்ததும், வெயிலில் வந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததும் அப்போது ஞாபகம் வந்தது. பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும். தகரத்துக்குப் போடும் பட்டி வளையாது. வண்டி அதிர அதிர அது விரிசல் விட்டிருக்கிறது.

போனில் அவர் நம்பர் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. கூப்பிட்டு என்ன கேட்பது? அவர் விழுந்த அதே பக்கத்தில், அவர் செய்த அதே காரியத்தைச் செய்துகொண்டு, கையில் உப்புத்தாளோடு நானும்தான் உட்கார்ந்திருக்கிறேன். கோபம் வந்தது நிஜம். வேலையை நான் நிறுத்தவில்லை என்பதும் நிஜம். கோபம் அடங்கியதும் மனத்தில் வந்த முதல் யோசனை, எழுதுவதற்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது: 'இவர் பட்டியைச் சரியாகத் தேய்க்கவில்லை. இதைவிட நன்றாகச் செய்யலாம்.' மறைப்பதற்காகத் தொடங்கிய வேலை போட்டியாக மாறியது அந்த இடத்தில்தான். அவருடைய பட்டி மொத்தத்தையும் தேய்த்தெடுத்துவிட்டு, பிளாஸ்டிக்குக்கான பட்டியை மெல்லியதாகப் போட்டேன்.

அதற்குமேல் பிளாஸ்டிக் பிரைமர், அதற்குமேல் சர்பேசர். பட்டறைகளில் ஒரு உபாயம் உண்டு. சாம்பல் சர்பேசர் காய்ந்ததும் அதன் மேல் தூசு தூவியது போலக் கொஞ்சம் கருப்பை அடித்துவிட்டு, 600-ஆம் நம்பர் தாளில் தேய்ப்பார்கள். மேடான இடத்தில் கருப்பு உடனே போய்விடும், பள்ளத்தில் தங்கிவிடும். விரலுக்குத் தட்டுப்படாத பள்ளத்தையும் அது காட்டிவிடும். இதைச் சோம்பலில் தாண்டிப் போகிறவர்கள், பெயின்ட் மேலே விழுந்தால் பள்ளம் மறைந்துவிடும் என்று நம்புகிறார்கள். நானும் பெயின்ட் என்றால் மூடி மறைப்பது என்றுதான் நினைத்திருந்தேன். நேர்மாறு. மங்கலான சர்பேசரில் தெரியாத பள்ளம் பளபளப்பில் பளிச்சென்று தெரியும். அதில் விழும் டியூப்லைட்டின் நிழல் நேர்கோடாக ஓடிவந்து அந்த இடத்தில் வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். அதிலும் கருப்பு இருக்கிறதே, வெள்ளையாவது கொஞ்சம் இரக்கம் காட்டும்.

இனி டப்பா. பெயின்ட்டை ஏரோசால் டப்பாவில் அடைக்கும் யோசனை 1949-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சிகமோர் என்ற ஊரில் பிறந்தது. எட் சீமோர் என்ற பெயின்ட் வியாபாரி, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கு அடிக்கும் தன் அலுமினிய பெயின்ட்டை எளிதாகச் செய்துகாட்ட ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார். டப்பாவில் அடைத்துப் பார்க்கச் சொன்னது அவருடைய மனைவி பானி. என் வீட்டில் மனைவி சொன்ன யோசனை, "ஏங்க, நாத்தம் தாங்கல, வெளிய போய் அடிங்க" என்பதுதான்.

பல டப்பாக்களில் பெயின்ட்டைத் தள்ளுவது, அடுப்பு எரிக்கும் எல்.பி.ஜி. வகை வாயுவே. அழுத்தத்தில் திரவமாகப் பெயின்ட்டோடு கலந்திருக்கும். பொத்தானை அழுத்தியதும் வெளியே வந்து சட்டென்று ஆவியாகி, பெயின்ட்டைத் துளித்துளியாகச் சிதறடிக்கும். பக்கத்தில் கொசுவர்த்திகூட எரியக் கூடாது என்பது இதனால்தான். ஆவியாகும்போது அது டப்பாவின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் டப்பா கையில் சில்லிடும். அழுத்தம் இறங்கும், தூறலாக வந்த பெயின்ட் எச்சில் துப்புவது போலத் தெறிக்க ஆரம்பிக்கும். டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் நிறுத்திவைத்தால் சரியாகிவிடும். வெந்நீரில் அல்ல. 50 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது, வெடிக்கும்.

அடிக்கும் முறையை எழுதுவது சுலபம். ஒரு சாண் தூரம், கையை வளைக்காமல் இணையாகக் கொண்டுபோக வேண்டும், ஃபேரிங்குக்கு வெளியே அழுத்தத் தொடங்கி மறுபக்கம் வெளியே போய்த்தான் விட வேண்டும், ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூட வேண்டும். முதல் கோட்டில் அடிநிறம் மறைய வேண்டும் என்று ஆசைப்படவே கூடாது. புகை படிந்த மாதிரி இருந்தால் போதும். என் கை கேட்கவில்லை. மூலையில் ஒரு இடம் சாம்பலாகத் தெரிய, இன்னொரு அழுத்து அழுத்தினேன். பெயின்ட் வழிந்து கண்ணீர்க்கோடு போல நின்றது. ஈரத்தில் தொட்டால் நாசம். காயவிட்டுத் தேய்த்துவிட்டுத் திரும்ப அடித்தேன். இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோருக்கும் நடப்பது.

பெரிய எதிரி காற்று. ஆனி, ஆடி மாதங்களில் கோயம்புத்தூரில் வீசும் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது. மேற்குத் தொடர்ச்சி மலை ஊரெல்லாம் மறித்துநிற்க, அந்த ஒரு இடைவெளியில்தான் தென்மேற்குப் பருவக்காற்று பிய்த்துக்கொண்டு உள்ளே நுழைகிறது. விற்கும் அவசரத்தில் அந்த மாதங்களைத்தான் நான் தேர்ந்தெடுத்திருந்தேன். மொட்டைமாடியில் கொடிக்கம்பியில் கட்டுக்கம்பி போட்டு ஃபேரிங்கைத் தொங்கவிட்டு அடித்தால், பாதிப் பெயின்ட் உக்கடம் பக்கமாகப் போனது. வந்து சேர்ந்த மீதியும் வழியிலேயே காய்ந்து, மணல் தூவிய மாதிரி சொரசொரப்பாக உட்கார்ந்தது. காற்று ஓய்ந்திருக்கும் விடிகாலையில் அடித்தால் வேறு தொல்லை. சாரலில் காற்றெல்லாம் ஈரம். கரைப்பான் ஆவியாகும்போது பெயின்ட்டின் மேல்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதில் படிந்துகொள்ள, கருப்பு வெளிறிப்போய்ப் பனிமூட்டம் விழுந்த மாதிரி நின்றது. மதிய வெயிலில் மேலே ஒரு மெல்லிய கோட் அடித்ததும் அந்த வெளிறல் கரைந்து போய்விட்டது. பயந்த அளவு மோசமில்லை.

கடைசியில் போர்ட்டிகோவைச் சுற்றித் தார்ப்பாயும் பழைய சேலைகளும் கட்டினேன். காற்று நின்றதும் மூச்சு முட்டியது. துணி முகக்கவசம் பெயின்ட் தூசைத்தான் தடுக்கும், கரைப்பானின் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி அடைத்த கேட்ரிட்ஜ் உள்ள முகக்கவசம் வேண்டும். வாங்கினேன். தூசு எழாமல் இருக்கத் தரையில் தண்ணீர் தெளிக்கச் சொன்னவர் அதே பட்டறை பெயின்டர். யாருக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தேனோ அவரிடமே போய்ச் சந்தேகம் கேட்கும் நிலைக்கு வந்திருந்தேன். அவர் எதற்கு என்று கேட்கவே இல்லை. ஃபேரிங்கின் படத்தைப் போனில் பார்த்துவிட்டு, "கருப்பு மாத்துங்க, இது செட் ஆகாது" என்றார்.

என்ன சொல்கிறார் என்று வெயிலில் வண்டியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. கம்பெனிக் கருப்புக்குள் பொடிப்பொடியாக மெட்டாலிக் துகள்கள் இருந்தன. வெயில் பட்டால் உள்ளேயிருந்து மின்னும். என் கருப்பு வெறும் கருப்பு. டியூப்லைட்டில் இரண்டும் ஒன்றுதான், வெயிலில் இரண்டு வண்டி. டவுன்ஹால் பக்கத்துக் கடையில் மெட்டாலிக் கருப்பு டப்பா கேட்டு வாங்கி, இருந்த கருப்பைத் தேய்த்துவிட்டு மறுபடி அடித்தேன். விற்பனைக்கு யாரும் அவ்வளவு கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கட்டத்தில் நான் விற்பனையை மறந்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இரவில் எழுந்து போய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொள்வேன்.

ஸ்டிக்கர் கடையில் பழைய எழுத்தை அளவெடுத்து வெட்டி ஒட்டி, அதற்குமேல் லேக்கர் அடித்தேன். லேக்கரில் இரண்டு வகை. ஹார்ட்னர் கலந்த டூ-கே வகை கல் மாதிரி இறுகும், பெட்ரோல் பட்டாலும் அசையாது. ஆனால் அந்த ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கேடு, ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. சேலை கட்டிய போர்ட்டிகோவில் அடிக்கிற சமாசாரம் அல்ல. நான் சாதாரண ஒன்-கே லேக்கரோடு நின்றுகொண்டேன். நன்றாக இறுகுவதற்குச் சில வாரம் விட்டுவிட்டு 2000-ஆம் நம்பர் தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, காம்பவுண்ட் போட்டு மெருகேற்றினேன். டியூப்லைட்டின் நிழல் ஃபேரிங்கின் மேலிருந்து கீழ்வரை வளையாமல் ஓடியது.

பார்க்க வந்தவர் பொள்ளாச்சிக்காரர், இளைஞர், கூடவே மெக்கானிக் நண்பர். நண்பர் செயினை இழுத்துப் பார்த்தார், ஃபோர்க்கை அமுக்கிப் பார்த்தார், இன்ஜினில் காதை வைத்தார். ஃபேரிங்கைக் கண்டுகொள்ளவே இல்லை. "பாடி நல்லா வெச்சிருக்கீங்கண்ணா" என்று மட்டும் சொன்னார் தம்பி. நான் தலையாட்டியதோடு இருந்திருக்கலாம். அவர் வலதுபக்கம் போய் நின்றுகொண்டு நண்பரிடம், "கம்பெனி பெயின்ட் எப்படி மின்னுது பாருடா" என்றார். எனக்குள் ஏதோ சுருக்கென்றது. அது நான் தொடாத பக்கம்.

"இந்தப் பக்கம் வந்து பாருங்க தம்பி. இது கம்பெனி இல்லை, நான் அடிச்சது. வித்தியாசம் தெரியுதா?"

இரண்டு பேரும் குனிந்தார்கள். நண்பர் விரலை உள்விளிம்பில் விட்டுத் துழாவினார். அங்கே நான் மாஸ்கிங் டேப் ஒட்டாமல் விட்ட ஒரு ஓரத்தில் கருப்புத்தூசு படிந்திருந்தது. பளபளப்பாக இருப்பதை மேலே தடவிப் பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, உள்ளே பார்க்க வேண்டும்.

"எதுக்குங்கண்ணா அடிச்சீங்க?"

விழுந்ததைச் சொன்னேன். எனக்கு முன்னால் இன்னொருவர் விழுந்ததையும், பட்டி இருந்ததையும், காது ஒட்டியதையும், லெகோ உட்பட, நிறுத்த முடியாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு விலையில் 3,000 ரூபாய் குறைத்தார். வாசற்படியில் நின்றிருந்த மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை. நேர்மை என்று அவளிடம் நான் பெருமை அடித்துக்கொள்ளவும் வழியில்லை. அந்தத் தம்பி வலதுபக்கத்தைப் புகழாமல் இருந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன் என்பது அவளுக்கும் தெரியும்.

"டப்பா ஏதாவது மிச்சம் இருக்குங்களாண்ணா?" என்றார் தம்பி. பாதி கருப்பும், கொஞ்சம் லேக்கரும் இருந்தன. கொடுத்தேன். 29, 30 ஃபாரங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இன்னொன்றும் சொன்னேன்: டேங்க் நிரப்பும்போது இடதுபக்கம் பெட்ரோல் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வழிந்தால் உடனே துடைத்துவிடுங்கள், என் லேக்கர் அதைத் தாங்காது.